பெதும்பைப் பருவத்தில் ஏறும் எடை: எது வளர்ச்சி, எது எச்சரிக்கை?

உலகில் 5 முதல் 19 வயதுக்கு உட்பட்டவர்களில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களே அதிகம் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை கூறியது. பருமன் உள்ளவர்கள் 9.4 விழுக்காடு, எடை குறைந்தவர்கள் 9.2 விழுக்காடு. அதே ஆண்டு மே மாதத்தில், மாணவர்கள் உண்ணும் சர்க்கரையின் அளவை விளக்கும் 'சர்க்கரைப் பலகை'களை வைக்கும்படி மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளைப் பணித்திருந்தது. இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டுத் திரும்பும் பெற்றோரின் கண்ணில், போன ஆண்டு தைத்த சீருடைக்குள் நுழைய முடியாமல் நிற்கும் பத்து வயது மகள் படுகிறாள். ஓர் ஆண்டில் ஆறு கிலோ ஏறியிருக்கிறது. இது அந்தச் செய்தி சொல்லும் நோயா, அல்லது வளர்ச்சியா?

இரண்டுமே இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல். இரண்டையும் பிரித்தறிய எடை என்ற ஒற்றை எண் உதவாது. எடையை உயரத்தோடும், பூப்பின் எந்தப் படியில் அந்தப் பெண் நிற்கிறாள் என்பதோடும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்குப் பூப்பு எப்படி நிகழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பூப்பு என்பது ஒரு நாள் நிகழ்வு அன்று

நம் வீடுகளில் 'வயதுக்கு வருவது' என்றால் முதல் மாதவிடாய் நாள். மஞ்சள் நீராட்டும் பந்தலும் அந்த நாளைச் சுற்றியே அமைகின்றன. மருத்துவக் கணக்கிலோ பூப்பு என்பது நான்கைந்து ஆண்டுகள் நீளும் தொடர்மாற்றம். முதல் மாதவிடாய் அதன் தொடக்கம் அன்று, பிற்பகுதியில் வரும் ஒரு கட்டம். வழக்கமான வரிசை பின்வருமாறு:

1. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டு அனுப்பும் சைகைகளால் பிட்யூட்டரி சுரப்பி விழிக்கிறது. அது சினைப்பையைத் தூண்ட, ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்குகிறது. வெளியே எதுவும் தெரியாது.

2. மார்பகம் அரும்புகிறது. 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் எப்போது தொடங்கினாலும் இயல்பே. பெரும்பாலோருக்குப் பத்து வயதை ஒட்டி நிகழ்கிறது.

3. உயரம் பாய்ச்சலாகக் கூடுகிறது. அதன் உச்சத்தில் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு பெண் வளர்கிறாள்.

4. எடையின் பாய்ச்சல் உச்சம் தொடுவது, உயரத்தின் உச்சத்துக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்து. அந்த ஓர் ஆண்டில் 8 கிலோ வரை கூடுவது சராசரிக் கணக்குக்குள் அடங்கும்.

5. மார்பகம் அரும்பிய இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருகிறது. அதன் பின் எஞ்சியிருக்கும் உயர வளர்ச்சி பொதுவாக 5 முதல் 7 சென்டிமீட்டர் மட்டுமே.

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் படித்தால், 'பெரியவளானதும் குண்டாகிவிட்டாள்' என்று ஊர் சொல்வதன் காரணம் விளங்கும். முதல் மாதவிடாயை ஒட்டிய மாதங்களில் உயரத்தின் வேகம் தணிந்துகொண்டிருக்க, எடையின் வேகம் இன்னும் தணியாமல் இருக்கிறது. மாதவிடாய் எடையைக் கூட்டவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேர்கின்றன.

பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்த தமிழ் இலக்கண மரபு, பெதும்பைக்கு 8 முதல் 11 வயதையும் மங்கைக்கு 12, 13 வயதையும் வகுத்திருப்பது இங்கே நினைவுக்கு வரும். அது மருத்துவத்துக்காகச் செய்த பகுப்பு அன்று. உலா பாடும் புலவர்களுக்கான இலக்கணம். ஆயினும் மார்பகம் அரும்புவது பெதும்பையிலும் முதல் மாதவிடாய் பெரும்பாலும் மங்கையிலும் விழுவதால், நம் வீட்டு வழக்கில் பெயரே இல்லாமல் போன அந்த இடைப்பட்ட காலத்துக்கு ஒரு பெயராவது கிடைக்கிறது. பெற்றோரின் கவலை பெரும்பாலும் பெதும்பையில்தான் தொடங்குகிறது. ஆனால் அப்போது பூப்பைப் பற்றி வீட்டில் யாரும் எண்ணுவதில்லை.

ஏறும் எடை எதனால் ஆனது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட ஊட்டச்சத்துப் பரிந்துரைகள், 10 முதல் 12 வயதுப் பெண்ணுக்குக் கணக்கில் கொள்ளும் எடை 36.4 கிலோ, 13 முதல் 15 வயதுக்கு 49.6 கிலோ. ஒரு வயதுத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்வதற்குள் 13 கிலோ கூட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஒருவர் பெரியவராகும்போது எட்டும் எடையில் ஏறத்தாழப் பாதி இந்த வளரிளம் பருவத்தில் சேர்வதுதான்.

அந்த எடை முழுவதும் கொழுப்பு அன்று. பெரியவரின் எலும்பிலுள்ள தாதுவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. தசையும் இரத்தமும் கூடுகின்றன, இடுப்பெலும்பு அகலமாகிறது. அதே நேரத்தில் கொழுப்பும் கூடத்தான் செய்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. பூப்புக்கு முன் ஒரு பெண்ணின் உடலெடையில் 16 முதல் 18 விழுக்காடாக இருக்கும் கொழுப்பு, பூப்பு முடியும்போது 25 விழுக்காட்டை எட்டுகிறது, சிலருக்குத் தாண்டவும் செய்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு இதே பருவத்தில் கூடுவது பெரும்பாலும் தசை. ஒரே வீட்டில் அண்ணன் ஒல்லியாக உயர, தங்கை பூசினாற்போல் ஆவது இதனால்தான். இருவரையும் ஒப்பிட்டுப் பேசுவதில் பொருளில்லை.

இந்தக் கொழுப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. மாதவிடாய் தொடங்குவதற்கு உடலில் ஓரளவு கொழுப்பு தேவை என்ற கருத்தை அமெரிக்க அறிவியலாளர் ரோஸ் ஃபிரிஷ் 1970களில் முன்வைத்தார். அவர் குறித்த எல்லை அளவுகள் அப்படியே ஏற்கப்படவில்லை. ஆனால் 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன், கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் சேமிப்பின் அளவைத் தெரிவிக்கிறது என்று தெளிவானபோது, அவர் சொன்னதன் அடிப்படை வலுப்பெற்றது. சேமிப்பு போதாது என்றால் மூளை பூப்பைத் தள்ளிப்போடும். கடும் பயிற்சியும் குறைந்த உணவும் கொண்ட விளையாட்டு வீராங்கனைகளுக்கு மாதவிடாய் தாமதமாவது இதன் மறுபக்கம்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. பூப்பின் நடுப்பகுதியில், வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதால், இன்சுலினுக்கு உடல் மந்தமாகப் பணியும் 'இன்சுலின் எதிர்ப்பு' இயல்பாகவே கூடுகிறது. பூப்பு முடிந்ததும் பெரும்பாலோருக்கு அது தணிந்துவிடும். ஏற்கெனவே எடை மிகுந்த, குடும்பத்தில் நீரிழிவு உள்ள பெண்ணுக்கு இந்த இயல்பான மந்தத்தின் மேல் கூடுதல் சுமை ஏறுகிறது. கவலைப்பட வேண்டிய வாசல் அது.

தராசு சொல்லாதது

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீடு. பெரியவர்களுக்கு எல்லா வயதிலும் ஒரே எல்லைக்கோடு போதும். குழந்தைகளுக்கு அப்படியில்லை, அதே எண் ஆறு வயதில் பருமனையும் பதினைந்து வயதில் இயல்பான எடையையும் குறிக்கலாம். ஆகவே வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனியாக வரைந்த வளர்ச்சி வரைபடத்தில் அதைக் குறித்துப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவுகளின்படி, 10 வயதுப் பெண்ணின் நடுமதிப்பு 16.6; 19.0ஐத் தாண்டினால் அதிக எடை, 22.6ஐத் தாண்டினால் பருமன். 12 வயதில் இவையே 18.0, 20.8, 25.0 என்று நகர்ந்துவிடுகின்றன. இந்தியக் குழந்தைகளுக்கென இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடங்களும் உண்டு. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே நீரிழிவு நெருங்குவதால் அவற்றின் எல்லைகள் இறுக்கமானவை.

இது எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு பெண்கள், இருவருக்கும் 10 வயதில் 138 சென்டிமீட்டர் உயரம், 32 கிலோ எடை, குறியீடு 16.8 என்று கொள்வோம். 12 வயதில் இருவரும் 44 கிலோ. ஏற்றம் இருவருக்கும் 12 கிலோ.

1. முதல் பெண் 152 சென்டிமீட்டருக்கு வளர்ந்திருக்கிறாள். குறியீடு 19.0. அவள் வயதின் எல்லைக்குள்ளேயே இருக்கிறாள்.

2. இரண்டாவது பெண் 144 சென்டிமீட்டர்தான். குறியீடு 21.2. அதிக எடைக்கான கோட்டை அவள் தாண்டிவிட்டாள்.

தராசு இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டியது. ஆனால் இரண்டாவது பெண்ணையும் உடனே நோயாளி என்று முடிவு செய்ய முடியாது: அவளுக்குப் பூப்பு தாமதமாகத் தொடங்கி, உயரப் பாய்ச்சல் இனிமேல்தான் வரவிருக்கலாம். முதல் மாதவிடாய் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் நிலைமை வேறு, எஞ்சிய உயரம் குறைவு. எனவே ஒரு நாள் அளவைவிட, ஆறு மாத இடைவெளியில் எடுத்த மூன்று நான்கு அளவுகள் வரைபடத்தில் எத்திசையில் செல்கின்றன என்பதே முக்கியம். தன் பழைய பாதையை ஒட்டியே செல்லும் கோடு பொதுவாக அமைதியளிக்கும். வரைபடத்தில் அச்சிட்டிருக்கும் பாதைகளில் இரண்டை வெட்டிக்கொண்டு மேலேறும் கோடு காரணம் கேட்கும். கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதற்கு ஓர் எளிய அளவு உண்டு: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். தொடையிலும் பிட்டத்திலும் சேர்வது பூப்பின் இயல்பு. வயிற்றைச் சுற்றிச் சேர்வது அப்படியன்று.

எடை பூப்பைக் கொண்டுவருமா?

பிராய்லர் கோழியால்தான் பெண்கள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்ற பேச்சு பரவலாக உண்டு. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை; அக்கோழிகள் வேகமாக வளர்வது தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தாலும் தீவனத்தாலும். சான்றுள்ள தொடர்பு எடைக்கும் பூப்புக்கும் இடையிலானது: சிறு வயதிலேயே எடை மிகுந்த பெண்களுக்குச் சராசரியாகப் பூப்பு முன்னதாகத் தொடங்குகிறது. லெப்டின் கூடுவதும், கொழுப்புத் திசுவே ஓரளவு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குவதும் அதற்கான காரணங்களில் சில. தாயின் பூப்பு வயதும் மகளுக்குக் கடத்தப்படுகிறது என்பதால், உணவு மட்டுமே காரணம் என்று தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

களியும் நல்லெண்ணெயும், நின்றுபோகும் ஓட்டமும்

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், முட்டை கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. உளுந்து 100 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம் கொண்டது, முட்டையும் நல்லது. பற்றாக்குறை மிகுந்திருந்த காலத்தில், இந்த உணவு சில நாட்களாவது ஒரு பெண்ணுக்கு வயிறு நிறையக் கிடைத்தது என்பது சிறிய காரியம் அன்று. இன்றைய கேள்வி அளவைப் பற்றியது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. களியின் மேல் குழி செய்து ஊற்றும் எண்ணெய் பல வீடுகளில் மூன்று நான்கு கரண்டியைத் தொடும். முழு எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, ஆனால் எள்ளைச் செக்கில் ஆட்டும்போது அது பிண்ணாக்கோடு போய்விடுகிறது. எலும்புக்காக நல்லெண்ணெய் என்ற கணக்கு அங்கே தவறிவிடுகிறது. எள்ளுருண்டைதான் அதற்குப் பொருத்தம். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை வைத்து மகளுக்குத் தினமும் கொள்ளு ரசம் கொடுப்போரும் உண்டு. கொள்ளு நல்ல பயறு. கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

இருந்தாலும் சில நாள் களி ஒரு பெண்ணின் எடையைத் தீர்மானிக்காது. அதே நாட்களில் சத்தமில்லாமல் நிகழும் இன்னொன்று தீர்மானிக்கிறது. 'பெரிய பொண்ணாயிட்டே, இனிமே தெருவுல என்ன ஆட்டம்?' என்று பாட்டி சொல்ல, மிதிவண்டி ஓரமாக நிற்கிறது. கோ கோ விளையாடிய பெண் வீட்டுக்குள் அமர்கிறாள். பள்ளியில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி. பயன்படுத்த முடியாத கழிப்பறையால் மாதவிடாய் நாட்களில் ஆடுகளத்துக்குப் போகவே அஞ்சும் பெண்கள் இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட ஓடியாடும் உழைப்பைப் பரிந்துரைக்கிறது. இன்சுலின் எதிர்ப்பு உச்சத்தில் இருக்கும் பருவத்தில், அதைத் தணிக்கும் எளிய வழியான உடலுழைப்பைப் பிடுங்கிவிட்டு, தட்டிலிருக்கும் சோற்றைக் குற்றம் சொல்வது என் பார்வையில் நியாயமற்றது.

சோற்றைக் குறைத்தால் என்ன ஆகும்?

கவலை கொண்ட வீடுகளில் முதலில் எடுக்கப்படும் முடிவு இதுதான்: இரவுச் சாப்பாடு இல்லை, பால் இல்லை, முட்டையின் மஞ்சள் கரு இல்லை. இதன் விளைவுகள் மூன்று தளங்களில் வருகின்றன.

1. சத்துக் குறைபாடு. 10 முதல் 12 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம் இரும்பும் 850 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இந்தியப் பரிந்துரை. மாதவிடாய் தொடங்கியதும் இரும்பின் இழப்பு கூடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், 15 முதல் 19 வயது இந்தியப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பருமனான பெண்ணுக்கு இரத்தசோகை வராது என்ற எண்ணம் தவறு. பார்வைக்கு நிறைந்த உடலில் இரும்பு வறண்டிருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

2. உயரமும் எலும்பும். எலும்பில் தாது சேரும் அந்த இரண்டு ஆண்டுகள் மீண்டும் வருவதில்லை. அப்போது பாலையும் பயறையும் நிறுத்துவது எடையைவிட எலும்பையே அதிகம் குறைக்கும்.

3. மனம். வளரிளம் பருவத்தில் டயட் இருப்பவர்கள் பிற்காலத்தில் கூடுதல் எடை பெறவும், உணவுக் கோளாறுகளுக்கு ஆளாகவும் வாய்ப்பு அதிகம் என்று நெடுநாள் தொடர் ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றின் அடிப்படையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016இல் மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் சொன்னது: டயட்டை ஊக்குவிக்காதீர்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள், பிள்ளையின் எடையைக் கேலி செய்யாதீர்கள், சேர்ந்து உண்ணுங்கள்.

இதில் நம் வீடுகளுக்குக் கடினமானது எடையைப் பற்றிப் பேசாதிருப்பதுதான். கல்யாண வீட்டில் அத்தை 'என்னடி, இப்படி வெயிட் போட்டுட்டே?' என்பது நம் ஊரில் நலம் விசாரிப்பதன் ஒரு வடிவம். தன் உடல் தனக்கே புதிதாக இருக்கும் பதினொரு வயதுப் பெண்ணுக்கு அது அப்படிக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் 'வளர்ற வயசு, அக்கா' என்று தாய் ஒரு வார்த்தை சொல்லி மறித்துவிட்டால், மகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தாய் தன் வயிற்றைக் கண்ணாடியில் பார்த்துச் சலித்துக்கொள்வதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வரைபடத்தில் எல்லையைத் தாண்டிய பெண்ணுக்கும், வளரும் வயதில் பொதுவான இலக்கு எடையைக் குறைப்பது அன்று. எடையை அப்படியே நிறுத்தி அல்லது மெல்ல ஏறவிட்டு, உயரம் அதை எட்டிப்பிடிக்க விடுவது. அதற்கான மாற்றங்கள் அவளுக்கு மட்டுமாக இல்லாமல் வீடு முழுவதற்குமாக இருக்க வேண்டும். அவள் முன் கேழ்வரகு அடையும், தம்பி முன் பாக்கெட் சிப்ஸும் வைக்கப்படும் வீட்டில் எந்த ஒழுங்கும் நிற்காது. முதலில் நிறுத்தத்தக்கவை இனிப்புப் பானங்கள். பாட்டிலில் வருவதும், 'வளர்ச்சிக்கு' என்று விற்கப்பட்டுச் சர்க்கரையோடு கலக்கப்படும் சத்துமாவுப் பொடிகளும் இதில் அடக்கம். அடுத்தது தூக்கம்: 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும், தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

மருத்துவரைக் காண வேண்டிய நேரம்

ஹார்மோன் நோயால் எடை கூடுவது மிக அரிது. தைராய்டு குறைவோ கார்டிசால் மிகுதியோ இருந்தால் எடை ஏற, உயரம் நின்றுவிடும். எடை கூடியும் வகுப்பில் உயரமானவளாக இருக்கும் பெண்ணுக்கு அவை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பின்வருவனவற்றில் ஏதேனும் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் செல்வது நல்லது:

1. எடை ஏறிக்கொண்டே உயரம் ஓராண்டாக ஏறக்குறைய நின்றிருத்தல்.

2. 8 வயதுக்கு முன் மார்பகம் அரும்புதல், அல்லது 13 வயதாகியும் அரும்பாதிருத்தல்.

3. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கருமை படர்தல். இது அழுக்கு அன்று, தேய்த்தால் போகாது. இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். நீரிழிவுக்கான பரிசோதனை வேண்டும்.

4. இரவில் பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிதல்.

5. சாப்பிட்டதும் குளியலறைக்குள் நெடுநேரம் இருத்தல், ஒளித்து உண்ணுதல், உணவைத் தவிர்க்கக் காரணம் தேடுதல். எடை இயல்பாக இருந்தாலும் இது அவசரம்.

'நீர்க்கட்டி' என்று பேசப்படும் பிசிஓஎஸ் பற்றிய அச்சத்தில், முதல் மாதவிடாய் வந்த சில மாதங்களிலேயே ஸ்கேன் எடுக்க விரைவோர் மிகுதி. முதல் ஓராண்டு மாதவிடாய் ஒழுங்கற்று வருவது இயல்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 21 முதல் 45 நாட்களுக்குள் வந்தால் போதும். ஓராண்டு கடந்தபின் 90 நாட்களுக்கு மேல் வராதிருந்தால் பார்க்க வேண்டும். இளம் பெண்ணின் சினைப்பையில் பல சிறு நுண்ணறைகள் தெரிவது வழக்கமாதலால், வளரிளம் பருவத்தினரில் இந்நோயை முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது.

மருத்துவரிடம் செல்லும்போது மகளின் தற்போதைய எடையைவிடப் பயன்படுவது அவளுடைய பழைய அளவுகள்: தடுப்பூசி அட்டையில் குறித்தவை, பள்ளி மருத்துவப் பரிசோதனைத் தாள்கள், பிறந்தநாள்தோறும் கதவு நிலையில் பென்சிலால் இழுத்த கோடுகள். கூடவே, தாய் எந்த வயதில் பூப்பெய்தினார் என்பதையும் மருத்துவர் கேட்பார்.